விற்பதற்காக முடித்த குளியலறை

ஊரில் பாதி வீடுகளின் குளியலறையில் அவர் கை பட்டிருக்கிறது. அவருடைய சொந்த வீட்டுக் குளியலறையில்தான் சுவர் பாதிக்குமேல் வெறும் சிமென்ட்.

ஆள் டைல்ஸ் ஒட்டுகிறவர். தரையானாலும் சுவரானாலும், உள்ளே குமிழி ஓடும் அந்த மட்டக் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில்கூட, தட்டில் குழம்பு ஒரு பக்கமாக ஒதுங்கினால் தட்டைப் பார்க்கமாட்டார், குனிந்து மேஜைக் காலைப் பார்ப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். அதனால் தெருவே அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடும். அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

அவர் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்காருகிறவள். யாருக்கு எப்போது பல் பிடுங்குவது என்று முடிவு செய்வது டாக்டர் இல்லை, அவள்தான். வலியோடு வருகிறவர்கள் எல்லோரும் "அக்கா, அக்கா" என்று கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

இருவரும் அந்த வீட்டை வாங்கியபோது அந்தத் தெருவுக்கு ஆட்டோக்காரர்கூட வரமாட்டார். பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்ன வீடு. "உள் வேலை எல்லாம் நானே பண்ணிடுவேன், கவலையே படாதே," என்றார் ரசமட்டம். அக்காவும் கவலைப்படவில்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் மனிதருக்கு ஒரு கொள்கை உண்டு. ஊரில் யார் காசு கொடுத்து டைல்ஸ் வாங்கினாலும் வாங்கட்டும், அவர் வாங்கமாட்டார். ஒவ்வொரு வேலையிலும் நாலைந்து மிஞ்சும். வீட்டுக்காரர்கள் "நீங்களே எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, ஏறக்குறைய நிறம் ஒத்துப்போகிற இடம் தேடி ஒட்டுவார். இதனால் அக்காவின் சமையலறையில் அடுப்படி ஒரு ஆஸ்பத்திரி, பாத்திரம் கழுவும் இடம் ஒரு ஹோட்டல், கதவோரம் யாரோ ஒரு நகைக்கடைக்காரரின் வரவேற்பறை. அக்கா சமைத்து முடிப்பதற்குள் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவாள்.

சமையலறையையாவது பொறுத்துக்கொள்ளலாம். குளியலறைக்கு மட்டும் ரசமட்டம் கலப்படத்துக்கு ஒப்பவில்லை. "அங்க ஒரே மாதிரிதான் ஒட்டணும். அந்த வெளிர்நீலம் மிச்சம் வரட்டும்," என்பார். வெளிர்நீலம் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏனோ அளவாகவே வாங்கினார்கள். பத்தொன்பது வருஷத்தில் சுவரில் இடுப்பளவுக்குத்தான் நீலம் ஏறியது. அதற்குமேல் சிமென்ட். சிமென்டிலிருந்து மணல் உதிரும். உதிர்ந்த மணல் சோப்பில் ஒட்டும். அக்கா முகத்துக்குச் சோப்புப் போட்டால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வரும். மகள் அந்த மணலிலேயே குளித்து வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். போனில் பேசும்போதெல்லாம், "அம்மா, இங்க பாத்ரூம் முழுசா இருக்கும்மா," என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வீட்டுப் பைத்தியம் பிடித்தது.

எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று எல்லோருக்கும் வீடு வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும். மூலை வீட்டின் கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதைப் பார்க்க வரிசை நின்றது. வரிசையில் பின்னால் நின்றவர் உள்ளே போகாமலே விலை சொன்னாராம். அவருக்குத்தான் கிடைத்ததாம். நாய்க்கூண்டுக்கு ஒரு ஜன்னல் வைத்தால் அதையும் விற்றுவிடலாம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட ஒருவர் நாய்க்கூண்டை ஒருமாதிரி பார்த்ததாகவும் கேள்வி.

அக்காவின் பல் டாக்டர் இந்தக் கூத்தில் எல்லோரையும் முந்திக்கொண்டார். சொந்த வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வாடகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து அவர் பேசுவதெல்லாம் அதுதான்.

"உச்சத்துல விக்கணும். பணத்தை பேங்க்ல போடணும். வாடகைக்கு இருக்கணும். இதெல்லாம் தடால்னு விழும் பாருங்க, அப்போ பாதி விலைக்கு ரெண்டு வீடு வாங்கணும். என்ன சொல்றீங்க?" என்று, வாயில் கண்ணாடியும் பஞ்சும் துளைக்கிற கருவியுமாகப் படுத்திருக்கிறவரிடம் கேட்பார். அவர் "ஆ" என்பார். வேறு என்ன சொல்லமுடியும்? அதை டாக்டர் ஒப்புதலாக எடுத்துக்கொள்வார். இப்படியே ஊர் முழுக்கத் தன் பக்கம் இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம்.

முன்மேஜையில் உட்கார்ந்து நாளெல்லாம் இதைக் கேட்ட அக்காவுக்கும் புத்தியில் ஏறிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள்.

"வித்துடலாங்க."

"எதை?"

"எதையா? வீட்டைத்தான். உச்சத்துல இருக்கு. இப்ப வித்துட்டு வாடகைக்குப் போயிடலாம். விழுந்ததும் வாங்கிக்கலாம்."

ரசமட்டம் தட்டைப் பார்த்தார். தட்டு சமமாகத்தான் இருந்தது.

"விழலைன்னா?"

"விழும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் விழும்னு சொன்னா, எல்லாரும் எதுக்கு வாங்கறாங்க?"

கேள்வி நியாயமானது. நியாயமான கேள்வி கேட்டால் அக்காவுக்குக் குரல் உயரும்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசமுடியுதா? அவரு படிச்சவரு, டாக்டரு, அவரே வித்துட்டாரு!"

"அவரு பல்லுக்குத்தானே படிச்சாரு?" என்றார் ரசமட்டம் பணிவாக. பிறகு, "வாடகை வீட்ல ஒரு ஆணி அடிக்கமுடியாது," என்றார்.

"இந்த வீட்ல மட்டும் அடிச்சுக் கிழிச்சுட்டீங்களாக்கும்!"

அவர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார்.

உச்சம், பேங்க், பாதி விலை என்று அக்கா என்ன பேசினாலும், அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கூரைவரைக்கும் டைல்ஸ் ஒட்டிய ஒரு குளியலறை. கதவைச் சாத்திக்கொண்டு, மணல் இல்லாத சோப்பை எடுத்து, நிதானமாக ஒரு குளியல். அதற்காக வீட்டையே விற்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பத்தொன்பது வருஷம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அழுது பார்த்தாகிவிட்டது, ஒரு மாதம் பேசாமல்கூட இருந்து பார்த்தாகிவிட்டது. அந்த ஒரு மாதமும் அவர் நிம்மதியாக இருந்தார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முதலில் போவதற்கு ஒரு இடம் வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்க்கப் போனார்கள். படிக்கட்டு முழுக்க ஜனம். வீட்டுக்காரம்மா மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தாள். குழந்தை அழுமா, நாய் உண்டா, ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள், சுவரில் ஆணி அடிக்கிற பழக்கம் உண்டா. வேலைக்குக்கூட அக்காவை யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. சொந்த வீடு வைத்திருக்கிறவள் ஒருத்தி, இன்னொருத்தியின் படிக்கட்டில் கைகட்டி நிற்கிறோமே என்று ஒரு நொடி சுருக்கென்றது. அதற்குள் அவள் குளியலறையைப் பார்த்துவிட்டாள்.

பளபளவென்று, கூரைவரை வெள்ளை. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மணல் இல்லை.

ரசமட்டம் பையிலிருந்து சின்ன மட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அக்கா கண்ணால் எரித்தாள். அவர் சட்டை செய்யவில்லை.

"வாட்டம் தப்பு. தண்ணி வெளிய போற குழாய்ப் பக்கம் போகாது. குளிச்சா வாசலுக்கு வரும்."

"வரட்டும்!"

"படுக்கற ரூமுக்கு வரும்."

"வரட்டும்னு சொல்றேன்ல!"

இதைக் காதில் வாங்கிய வீட்டுக்காரம்மா நாற்காலியைவிட்டு எழுந்தே வந்துவிட்டாள். "ஆமாங்க, முன்னாடி இருந்தவங்களும் அதேதான் சொன்னாங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" ரசமட்டம் சொன்னார். அந்த அம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! படிக்கட்டில் நின்றவர்களை எல்லாம் "எடம் முடிஞ்சுபோச்சு, எடம் முடிஞ்சுபோச்சு" என்று அனுப்பிவிட்டு, "உங்களுக்குத்தான் தரப்போறேன். சும்மா இருக்கறப்போ அந்தத் தரையையும், அப்புறம் கீழ என் வீட்டு பாத்ரூமையும் ஒரு கை பாத்துடுங்க," என்றாள். ரசமட்டம் தலையாட்டினார். யார் வீட்டுக் குளியலறை என்றாலும் அவர் தலை தானாக ஆடும், சொந்த வீடு தவிர.

வீட்டை விற்க ஒரு தரகர் வந்தார். நல்ல சென்ட், நல்ல கார், வாயிலிருந்து "சூப்பர்" என்பதைத் தவிர வேறு சொல் வராத மனிதர். ஊரைச் சுற்றிய சமையலறைத் தரையைப் பார்த்துவிட்டு, "சூப்பர்! இதைக் கலைன்னு சொல்லி வித்துடலாம்," என்றார். குளியலறைக் கதவைத் திறந்தார். சூப்பர் வரவில்லை.

"சார், இதை மட்டும் முடிச்சுடுங்க. முடிச்ச வீட்டுக்குத்தான் முழு விலை."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இதை முடிக்கச் சொல்லி யார் யாரோ சொல்லி ஓய்ந்தாகிவிட்டது, இவர் வந்து சொன்னால் ஆகிவிடுமா?

ஆகிவிட்டது. மறுநாள் ரசமட்டம் கடைக்குப் போனார். காசு கொடுத்து, ரசீது போட்டு, பெட்டி பெட்டியாக வெளிர்நீலம் வாங்கிவந்தார். கடைக்காரர் நம்பாமல் இரண்டுமுறை கேட்டாராம், யார் வீட்டுக்கு என்று. கையில் இருந்த வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு உள்ளே இறங்கினார். பழைய சிமென்டைக் கொத்தினார், கலவை போட்டார், நூல் பிடித்தார். அந்த வாரம் முழுக்க அக்கா பக்கத்து வீட்டில் குளித்தாள். வேலை முடிந்ததும், "பாக்க வர்றவங்களுக்குப் பளிச்சுனு இருக்கணும்," என்று தரையில் பிளாஸ்டிக் விரித்து, யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். கூரைவரைக்கும் நீலம். ஒரு இடுக்குகூட விட்டுப்போகவில்லை. மூலையில் சோப்பு வைக்கச் சுவருக்குள்ளேயே ஒரு சின்ன மாடம், அவள் உயரத்துக்கு. வாடகை வீட்டுக் குளியலறை இதன் பக்கத்தில் நிற்கவே லாயக்கில்லை.

அவளுக்குச் சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் அவள் ஆயுசில் வந்ததில்லை.

"ஒரு வாரம்! ஒரே ஒரு வாரம்! இதுக்கா பத்தொன்பது வருஷம்?"

ரசமட்டம் பேந்தப் பேந்த விழித்தார்.

"எவனோ வந்து குளிக்கப்போறான், அவனுக்கு ஒரு வாரத்துல முடிக்கத் தெரியுது. நான் கேட்டப்ப எங்க போச்சு இந்தக் கை? நான் உங்களுக்கு யாரு? மிச்சம் மீதி டைல்ஸா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் கலவை பூசும் கரணையைத் தண்ணீரில் அலசப் போய்விட்டார். சண்டை என்றால் அவருக்கு உடனே ஏதாவது கழுவியாக வேண்டும். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. ராத்திரி பட்டினி கிடந்தது விடிந்ததும் பசியாகிவிட்டதால், காலையில் மட்டும் இரண்டு பங்கு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அங்கே வேறு கதை. டாக்டருக்கு முன்னால் வந்து கிளினிக்கைத் திறப்பவள் அவள்தான். அன்று திறந்தால் டாக்டர் உள்ளே இருக்கிறார். நோயாளி படுக்கிற நாற்காலியில் தலையணை, போர்வை. மனிதர் சட்டையைத் துவைத்துக் கண்ணாடி அலமாரிமேல் காயப்போட்டிருந்தார்.

"ராத்திரி கொஞ்சம் வேலை இருந்துச்சு," என்றார்.

உண்மை சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரும் அதே உச்சத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டை விற்றுவிட்டுக் காலி செய்யச் சொல்லிவிட்டார். டாக்டர் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டருக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை, அவர் விற்ற வீட்டை இப்போது வாங்கலாம் என்றால் அது இன்னும் மேலே போய்விட்டது. நாளெல்லாம் அவர் வீட்டு விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நோயாளி ஒருவர் பழக்க தோஷத்தில் தானாகவே "ஆ" என்றார், டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

இதைக் கேட்டு அக்கா புத்தி தெளிந்தாளா என்றால், இல்லை. பயந்தது உண்மை. மாடி வீட்டுக்காரம்மாவும் நாளைக்கே விற்கலாம், தங்களையும் படிக்கட்டில் இறக்கிவிடலாம், இந்த வயசில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் படியில் போய்க் கைகட்டி நிற்பது? ஆனாலும் அவளுக்கு ரோஷம். யாருக்காகவோ முடித்த குளியலறை யாரிடமோ போய்த் தொலையட்டும். அதில் தான் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளப் போவதில்லை. இப்படி ஒரு வீம்போடு, வீடு பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தாள்.

வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்கள். செருப்பை வெளியே விட்டார்கள், "வணக்கம் ஆன்ட்டி" என்றார்கள். அவன் கையில் சிவப்பு வெளிச்சம் அடித்து அளக்கிற கருவி ஒன்று வைத்திருந்தான். ரசமட்டத்தின் கண் அதன்மேலேயே இருந்தது. தரகர் முன்னால் நடந்து, சமையலறையைக் கலை என்றார், அவர்கள் தலையாட்டினார்கள். குளியலறைக் கதவை அவர் ஒரு கல்யாணப் பெண்ணைக் காட்டுகிற மாதிரி மெதுவாகத் திறந்தார்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அவன் சிவப்பு வெளிச்சத்தை அடித்தான்.

"போதும். இந்தச் சுவரை எடுத்துட்டா கார் உள்ள வந்துடும்," என்றான்.

"எந்தச் சுவரை?" என்றாள் அக்கா.

"இது மொத்தமும் ஆன்ட்டி. பாத்ரூமை இடிச்சுட்டு இங்க காரை விடப்போறோம். எங்களுக்கு எடம்தான் முக்கியம். வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லை."

வீடு எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம். அக்கா திரும்பிப் பார்த்தாள். ரசமட்டம் குனிந்து தரைப் பிளாஸ்டிக்கின் ஒரு ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும், அந்த முகத்தில் ஒன்றும் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று.

அந்தப் பையன் விலை சொன்னான். கேட்டதைவிட அதிகம். தரகர் "சூப்பர்" என்றார், அது பாதிக் கத்தலாக வந்தது.

"வேணாம்," என்றாள் அக்கா.

தரகர் அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தார். இந்த அம்மாவை என்னவோ என்று நினைத்தோமே! அவர் அந்தத் தம்பதியின் காதில் ஏதோ ஓதினார். அவர்கள் இன்னும் கொஞ்சம் ஏறினார்கள்.

"வேணாங்க."

மறுபடி ஓதல், மறுபடி ஏற்றம். தரகருக்கு வேர்த்துவிட்டது. தொழிலுக்கு வந்து இப்படி ஒரு கெட்டிக்காரியை அவர் பார்த்ததில்லை. "அம்மா, எவ்வளவுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

அக்காவுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. உச்சம் என்று ஆரம்பித்து அவள் மனப்பாடம் செய்துவைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"நான் இன்னும் அதுல குளிக்கவே இல்ல."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தரகர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "அதுக்கென்னம்மா? நீங்க நிம்மதியா குளிச்சுட்டு வாங்க, நாங்க வெளிய நிக்கறோம், அப்புறம் கையெழுத்து போட்டுக்கலாம்!"

"தினமும் குளிக்கணும்," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் இந்த வீட்டை விக்கலை. மன்னிச்சுடுங்கப்பா. நல்ல பசங்களா இருக்கீங்க, உங்களுக்கு வேற எடம் கிடைக்கும். இதை இடிக்கத் தரமாட்டேன்."

தரகர் போகும்போது கார்க் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. மாடி வீட்டுக்காரம்மாவுக்கு அக்கா போன் செய்தாள். அந்த அம்மா "என் பாத்ரூம்?" என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் ஏன் என்று கேட்டாள். மகளுக்குச் சொன்னாள். "கிறுக்காம்மா உனக்கு?" என்றாள் மகள். கிறுக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். உச்ச விலையைக் கையில் கொடுத்தும் வாங்காதவளை வேறு என்னவென்று சொல்வது? நாளைக்கே விலை விழுந்தால் தெரு சிரிக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அவள் போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது ரசமட்டம் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக்கைச் சுருட்டி எடுத்திருந்தார். கரணை, நூல், மட்டக் கட்டை எல்லாவற்றையும் துடைத்துப் பையில் போட்டிருந்தார். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு, பையோடு வாசற்படியில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல." அவரே பையை ஏன் எடுத்தோம் என்று ஒருகணம் பார்த்தார். "வேலை முடிஞ்சுதுல்ல."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா கையக் கழுவிட்டுக் கிளம்பிடுவேன். எல்லா வீட்லயும் அப்படித்தானே? முடிக்கற வரைக்கும் தண்ணி குடுப்பாங்க, உக்காரச் சொல்வாங்க. முடிச்சாச்சுன்னா அப்புறம் நமக்கு அங்க என்ன வேலை?" பையைக் கீழே வைக்கவும் இல்லை, வெளியே இறங்கவும் இல்லை. "ஒரு வீட்டை முடிச்சுட்டு அதுல நான் இருந்ததே இல்ல. முடிச்ச வீட்ல இருக்கறது எனக்கு வராதுன்னு நெனச்சேன். நீ கேக்கறப்போ எல்லாம் இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பாரு, முடிச்சேன், உடனே வாங்க ஆள் வந்துட்டான்."

பத்தொன்பது வருஷமாக அக்கா அதைச் சோம்பேறித்தனம் என்றாள், கஞ்சத்தனம் என்றாள், தன்மேல் பிரியம் இல்லை என்றாள். அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நாலு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் பையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"உக்காருங்க."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், ஊரார் வீட்டில் கூலிக்குக் காத்திருக்கிறவர் உட்காருகிற மாதிரி.

"நல்லா சாஞ்சு உக்காருங்க."

சாய்ந்தார்.

அக்கா துண்டையும் புது சோப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் திறந்தாள். அது சொன்ன பேச்சு கேட்டு வடிகுழாய்ப் பக்கம் போனது. சோப்பு வழுக்கிக்கொண்டு போனது. மேலே நீலத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்சநேரம் அழுதாள், கொஞ்சநேரம் பாட்டுப் பாடினாள். வெந்நீர் தீர்ந்தபிறகும் வெளியே வர மனமில்லை.

தலையில் துண்டோடு அவள் வந்தபோது அவர் அதே நாற்காலியில், கால் இரண்டையும் நீட்டி, நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.